பத்தியொர் (பாடுபடு): உருவம் செயப்பாட்டு, பொருள் செய்வினை. எப்படிப் பிடித்துக்கொள்வது?

ஆல்டோக்குரல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். லத்தீன் பூசைப் பாடல்களை அர்த்தம் தெரியாமல் பாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஓர் ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டு நானே படித்து வருகிறேன். இப்போது டெப்போனென்ட் வினைகள் என்ற பாடத்தில் நிற்கிறேன்.

நூலில் இருப்பது இவ்வளவுதான்: "உருவத்தில் செயப்பாட்டு, பொருளில் செய்வினை. மனப்பாடம் செய்க." அப்புறம் ஒரு நீளமான பட்டியல். ஏன் இப்படி ஒரு வினை இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

நாங்கள் பூசையில் பாடும் க்ரேதோ என்ற விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி வரும்: "க்ருச்சிஃபிக்ஸுஸ் எட்சியாம் ப்ரோ நோபிஸ் சுப் போன்சியோ பிலாத்தோ, பஸ்ஸுஸ் எத் செபுல்துஸ் எஸ்த்." க்ருச்சிஃபிக்ஸுஸ் என்றால் சிலுவையில் அறையப்பட்டார். செபுல்துஸ் எஸ்த் என்றால் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டும் செயப்பாட்டு, சரி. நடுவில் இருக்கும் பஸ்ஸுஸ் மட்டும் "பாடுபட்டார்", அது செய்வினை என்கிறது நூல். மூன்றும் "உஸ்" என்றுதான் முடிகின்றன. பார்த்த மாத்திரத்தில் எது எது என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பஸ்ஸுஸுக்கு மூலமான பத்தியொர் என்ற வினையின் முழு வாய்பாட்டையும் யாராவது தமிழில் விளக்கினால் நன்றாக இருக்கும். இதற்குச் செயப்படுபொருள் வருமா? உண்மையான செயப்பாட்டு வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்?

பழைய லத்தீன் வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. குருமடத்தில் பல வருடம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் நான். நீங்கள் சொல்லும் "மனப்பாடம் செய்க" என்ற வரியைப் பார்த்தால் இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் ஆங்கிலேயப் பிள்ளைக்கு இருப்பதைவிட எளிது. ஆங்கில நூல் வழியாக வருவதால்தான் கடினமாகத் தெரிகிறது.

முதலில் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. க்ரேதோவை நீங்கள் பாடுகிற திருச்சபை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். மற்றதெல்லாம் பழைய ரோமானிய உச்சரிப்பு. குறில் நெடிலைக் கவனித்துப் படியுங்கள், பின்னால் உதவும்.

இப்போது தமிழுக்கு வருவோம். செயப்பாட்டு வினை எப்படி அமைகிறது? அடிக்கப்பட்டான், அறையப்பட்டார், செய்யப்பட்டது. எல்லாவற்றிலும் "படு" இருக்கிறது. இனி இவற்றைப் பாருங்கள்: பயப்பட்டான், கோபப்பட்டாள், ஆச்சரியப்பட்டேன், பெருமைப்பட்டார்கள், புறப்பட்டோம். இவற்றிலும் அதே "படு". ஆனால் "புறப்பட்டோம்" என்றால் யாரோ நம்மைப் புறப்பட வைத்தார்கள் என்றா அர்த்தம்? நாமே கிளம்பினோம். "பயப்பட்டான்" என்பதில் அவனே பயந்தான். செயப்பாட்டுக்கு உரிய அடையாளம் தலையில் இருந்தும் பொருள் செய்வினைதான். இதைத்தான் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம், யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

லத்தீன் பட்டியலை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெரெயொர் பயப்படு. மீரொர் ஆச்சரியப்படு. ஈராஸ்கொர் கோபப்படு. மிஸெரெயொர் பரிதாபப்படு. க்ளோரியொர் பெருமைப்படு. லைத்தொர் சந்தோஷப்படு. க்வெரொர் குறைபட்டுக்கொள். ஒபீனொர் அபிப்பிராயப்படு. ப்ரோஃபிகிஸ்கொர் புறப்படு. சீஸரின் காலியப் போர்க் குறிப்புகளைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் யாராவது "ப்ரோஃபெக்துஸ்" ஆகிக்கொண்டே இருப்பார்கள், அதாவது புறப்பட்டுக்கொண்டே. கரும்பலகையில் இந்த இரண்டு வரிசைகளையும் எதிரெதிரே எழுதிய பிறகு, வகுப்பில் இந்தப் பாடத்துக்குப் பயந்த பையனை நான் பார்த்ததில்லை.

உங்கள் பத்தியொருக்கு வருகிறேன். இதற்கு நேரான தமிழ் "படு" என்பதேதான். துன்பப்படு, பாடுபடு, அனுபவி, பொறுத்துக்கொள். பட்டால்தான் தெரியும் என்கிறோமே, அந்தப் படு. இதில் இன்னொன்றையும் பாருங்கள். லத்தீன் இலக்கணக்காரர்கள் செயப்பாட்டு வினைக்கு வைத்த பெயர் பஸ்ஸீவும். அது பத்தியொர் என்ற இந்த வினையிலிருந்தே வந்தது, ஆங்கிலப் பாஸிவும் அதுதான். நம் இலக்கணம் வைத்த பெயர் செயப்பாட்டு வினை. அதிலுள்ள "பாடு" படு என்பதிலிருந்து வந்தது. இரண்டு இலக்கணங்களும் ஒரே வினையைக் கொண்டுபோய்த்தான் பெயர் வைத்திருக்கின்றன.

செயப்படுபொருள் வருமா என்று கேட்டீர்கள். தாராளமாக வரும். இது செய்வினைதான் என்பதற்கு அதுவே உறுதியான சாட்சி. வெர்ஜிலின் ஈனெயிட் காவியத்தின் முதல் காண்டத்தில் ஐந்தாவது வரியிலேயே நாயகன் ஈனியாஸைப் பற்றி "முல்த்த க்வொக்வெ எத் பெல்லோ பஸ்ஸுஸ்" என்று வருகிறது. "போரிலும் பலவற்றைப் பட்டு". முல்த்த என்பது இரண்டாம் வேற்றுமை. செயப்பாட்டு வினையாக இருந்தால் அந்த முல்த்த அங்கே நிற்க இடமே இல்லை. அதே காண்டத்தில் 199ஆம் வரியில் புயலில் சிக்கிய தோழர்களை ஈனியாஸ் கூப்பிடுவது: "ஓ பஸ்ஸீ க்ரவியோர". "இதைவிடப் பெரியவற்றைப் பட்டவர்களே!" இதற்கும் ஒரு முடிவைத் தெய்வம் தரும் என்று தொடர்ந்து சொல்வான். எனக்கு மிகப் பிடித்த விளி அது.

பார்த்த மாத்திரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? உருவத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அகராதித் தலைச்சொல்தான் சொல்லும். செபுல்துஸ் எங்கிருந்து வருகிறது? ஸெபெலியோ, ஸெபெலீரெ, ஸெபெலீவீ, ஸெபுல்தும் என்று நான்கு உறுப்புகள், முதல் சொல் "ஓ"வில் முடிகிறது. அது சாதாரண வினை, எனவே செபுல்துஸ் எஸ்த் செயப்பாட்டு. பஸ்ஸுஸ்? பத்தியொர், பத்தீ, பஸ்ஸுஸ் ஸும். மூன்றே உறுப்புகள், முதல் சொல் "ஒர்" என்று முடிகிறது. அகராதியில் அப்படிப் பார்த்தால் டெப்போனென்ட். புதுச் சொல் படிக்கும்போதே எல்லா உறுப்புகளையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பாடுகிறவர் நீங்கள், காதில் தங்கிவிடும்.

வாய்பாட்டை இரவு எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை. க்ரேதோவை விட்டுவிட்டு அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தின் லத்தீனை எடுங்கள். "கோன்செப்துஸ் எஸ்த்" என்பதில் தொடங்கி நாத்துஸ், பஸ்ஸுஸ், க்ருச்சிஃபிக்ஸுஸ், மோர்த்துவுஸ், செபுல்துஸ் என்று ஆறு வரும். எது எது டெப்போனென்ட் என்று சொல்லுங்கள்.

வடமொழி மாணவி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் சமஸ்கிருதம் படிக்கிறேன், லத்தீன் கொஞ்சம்தான் தெரியும்.

சமஸ்கிருதத்தில் வினை விகுதிகள் இரண்டு வகை: பரஸ்மைபதம், ஆத்மனேபதம். பிறருக்கான சொல், தனக்கான சொல் என்று பெயர். செயலின் பலன் செய்பவனையே சேர்ந்தால் ஆத்மனேபதம் என்பது பழைய விளக்கம். ஆனால் நடைமுறையில் பல வினைகள் எப்போதும் ஆத்மனேபதத்திலேயே வரும். லபதே (அடைகிறான்), பாஷதே (பேசுகிறான்), ம்ரியதே (சாகிறான்) போல. இதில் முக்கியமான செய்தி, சமஸ்கிருதச் செயப்பாட்டு வினையும் இதே ஆத்மனேபத விகுதிகளைத்தான் எடுக்கும். அதாவது ஒரே விகுதி இரண்டு வேலை பார்க்கிறது.

லத்தீன் டெப்போனென்டின் வேரும் இதுதான் என்கிறார்கள் மொழியியலாளர்கள். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் செய்வினைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு "இடைநிலை" வினை இருந்தது. கிரேக்கமும் சமஸ்கிருதமும் அதைத் தனியாகக் காப்பாற்றின. லத்தீனில் அந்த உருவங்கள் செயப்பாட்டுக்குப் போய்விட்டன, சில வினைகள் மட்டும் பழைய பொருளோடு தங்கிவிட்டன. சாட்சியும் இருக்கிறது: பின்தொடர் என்பதற்கு லத்தீனில் ஸெக்வொர், கிரேக்கத்தில் ஹெப்போமாய், சமஸ்கிருதத்தில் ஸசதே. மூன்றும் ஒரே வேர், மூன்று மொழியிலும் சாதாரணச் செய்வினை விகுதி இல்லை. சாவைக் குறிக்கும் மோரியொரும் ம்ரியதேயும் அப்படித்தான்.

எனவே "செயப்பாட்டு உருவம்" என்று சொல்வதே கொஞ்சம் தலைகீழ். அந்த உருவம் முதலில் செயப்பாட்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

ஓலைச்சுவடி எழுதியது:

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒரு மறுப்பு. "அறையப்பட்டார்" என்பதில் படு ஒரு துணைவினை, முன்னால் செயவென் எச்சம் இருக்கிறது. "பயப்பட்டான்" என்பதில் பயம் என்ற பெயர்ச்சொல்லோடு படு கூடிக் கூட்டுவினையாகிறது. அமைப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் மாணவர்கள் குழம்புவார்கள். மேலும் லொக்வொர் என்றால் பேசு, ஊத்தொர் என்றால் பயன்படுத்து, ஒப்லீவீஸ்கொர் என்றால் மற. இவற்றில் "படு" எங்கே?

ஆல்டோக்குரல் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐயா கொடுத்த வேலை: கோன்செப்துஸ் கருத்தரிக்கப்பட்டார், செயப்பாட்டு. நாத்துஸ் பிறந்தார், நாஸ்கொர், டெப்போனென்ட். பஸ்ஸுஸ் டெப்போனென்ட். க்ருச்சிஃபிக்ஸுஸ் செயப்பாட்டு. மோர்த்துவுஸ் மரித்தார், மோரியொர், டெப்போனென்ட். செபுல்துஸ் செயப்பாட்டு. மூன்றுக்கு மூன்று! நாம் தமிழில் சொல்லும்போதும் "பாடுபட்டு" என்றுதானே சொல்கிறோம். சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் ஜெபத்தில் இந்தப் பாடம் முழுக்க இருக்கிறது என்பது மனதை நிறைக்கிறது.

இன்னொரு சந்தேகம். "மிஸெரேரெ நோபிஸ்" என்று பாடுகிறோமே, அது "ரெ" என்று முடிவதால் இன்ஃபினிட்டிவ் (நம் "செய்ய", "செய்தல்" போன்ற உருவம்) என்று நினைத்தேன். ஆனால் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்பது கட்டளை அல்லவா?

பழைய லத்தீன் வாத்தியார் எழுதியது:

ஆறும் சரி. மகிழ்ச்சி அம்மா.

ஓலைச்சுவடி ஐயாவுக்கு: நீங்கள் சொல்லும் அமைப்பு வேறுபாடு உண்மை. எச்சத்தோடு வரும் படு வேறு, பெயரோடு வரும் படு வேறு. நான் சொல்ல வந்தது அமைப்பு ஒன்று என்பதல்ல. படு என்ற ஒரே அடையாளம் ஓரிடத்தில் செயப்பாட்டாகவும் ஓரிடத்தில் செய்வினையாகவும் இருக்க முடியும் என்பது தமிழ்க் காதுக்குப் பழக்கம், அதனால் லத்தீனில் அதைக் கேட்டு மிரள வேண்டாம் என்பதுதான். லொக்வொர், ஊத்தொர் போன்றவற்றுக்கு இந்த வழி போகாது, ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு வடமொழி மாணவி சொன்ன ஆத்மனேபதம்தான் நல்ல துணை. நான் குருமடத்தில் சமஸ்கிருதத்தைத் தொட்டதில்லை. அந்த ஸசதே உதாரணத்தை என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இனி வாய்பாடு. நிகழ்காலம்:

பத்தியொர், பத்தெரிஸ், பத்தித்துர், பத்திமுர், பத்திமினீ, பத்தியுந்துர்.

படுகிறேன், படுகிறாய், படுகிறான், படுகிறோம், படுகிறீர்கள், படுகிறார்கள். இரண்டாவதில் மட்டும் "பத்திரிஸ்" என்று வராமல் "பத்தெரிஸ்" என்று வருகிறது. குறில் இகரம் ரகரத்துக்கு முன் எகரமாகும் என்பது லத்தீனின் பழைய ஒலிவிதி, விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம்.

எதிர்காலம்: பத்தியர், பத்தியேரிஸ், பத்தியேத்துர், பத்தியேமுர், பத்தியேமினீ, பத்தியெந்துர். தொடர் இறந்தகாலம் பத்தியேபர், பத்தியேபாரிஸ், பத்தியேபாத்துர் என்று போகும். விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் சப்ஜங்டிவ் உருவத்தின் நிகழ்காலத்தில் பத்தியர், பத்தியாரிஸ், பத்தியாத்துர். அதன் இறந்தகாலம் பத்தெரெர், பத்தெரேரிஸ், பத்தெரேத்துர். பெர்ஃபெக்ட், அதாவது செயல் முடிந்த இறந்தகாலம், எல்லாம் இரண்டு சொல்: பஸ்ஸுஸ் ஸும். பேசுவது பெண்ணானால் பஸ்ஸ ஸும், பலரானால் பஸ்ஸீ ஸுமுஸ். அதற்கும் முந்தைய காலம் பஸ்ஸுஸ் எரம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். "பத்தெரிஸ்" என்றால் படுகிறாய், "பத்தெரேரிஸ்" சப்ஜங்டிவ். லத்தீன் அச்சில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்து. மேலே கோடு போட்ட பாடநூல் இல்லையென்றால் நெடில் எங்கே என்று தெரியாது. தமிழில் எழுதினால் எழுத்தே காட்டிவிடும். என் மாணவர்களைத் தமிழ் எழுத்தில் வாய்பாடு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த நெடில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரோமானியப் பேச்சாளர் சிசரோவே சாட்சி. கி.மு. 63 நவம்பரில், அரசைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலீனாவை நேரே பார்த்து செனட்டில் கேட்டது: "க்வோ ஊஸ்க்வெ தாந்தெம் அபூத்தேரெ, கத்திலீன, பத்தியெந்தியா நோஸ்த்ரா?" "இன்னும் எதுவரைக்கும், கத்திலீனா, எங்கள் பொறுமையைத் தவறாகப் பயன்படுத்துவாய்?" அபூத்தொர் ஒரு டெப்போனென்ட். இரண்டாம் நபர் ஒருமையில் "ரிஸ்" என்பதற்குப் பதில் "ரெ" என்றும் முடியலாம். அபூத்தேரெ என்று நெடிலாக இருந்தால் எதிர்காலம், பயன்படுத்துவாய். அபூத்தெரெ என்று குறிலாக இருந்தால் நிகழ்காலம், பயன்படுத்துகிறாய். ஓர் ஏகாரத்தில் காலமே மாறுகிறது. பத்தியெந்தியா என்ற "பொறுமை"யும் நம் பத்தியொரின் பிள்ளைதான். ஊத்தொர் குடும்பம் செயப்படுபொருளை இரண்டாம் வேற்றுமையில் எடுக்காது, "ஆல்", "இலிருந்து" போன்ற பொருள் தரும் அப்லேட்டிவ் வேற்றுமையில் எடுக்கும். அதனால்தான் அந்தச் சொல்லின் கடைசியில் நெடில் ஆ.

உங்கள் மிஸெரேரெ இப்போது எளிது. டெப்போனென்ட் வினையின் ஒருமைக் கட்டளை, சாதாரண வினையின் இன்ஃபினிட்டிவ் போலவே தெரியும். பத்தெரெ என்றால் "படு, பொறுத்துக்கொள்" என்ற கட்டளை. இன்ஃபினிட்டிவ் பத்தீ. அதே போல் மிஸெரேரெ கட்டளை, மிஸெரேரீ இன்ஃபினிட்டிவ். நீங்கள் நினைத்தபடி "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்ற மன்றாட்டுத்தான். மரித்தோர் பூசைப் பாடலில் வரும் "ரெகோர்தாரெ" அதே வகைக் கட்டளை, நினைவுகூரும் என்று. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்குப் பெயராகவே நிற்கும் "லைத்தாரெ" அதே வகை, மகிழ்ந்திரு என்று. சிறுவனாக நான் பீடத்தில் நின்று கொடகொடவென்று ஒப்பித்த "கோன்ஃபித்தெயொர்" இன்னொரு டெப்போனென்ட். திருவழிபாடு முழுக்க இந்த வினைகள் நிறைந்து கிடக்கின்றன. பாடகர் குழுவில் இருப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி நூல் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. பத்தேரெ என்று நெடிலாகச் சொன்னால் அது வேறு வினை, பத்தெயோ, திறந்து கிட என்பதன் இன்ஃபினிட்டிவ். பஸ்ஸுஸிலும் ஒரு பொறி உண்டு. விரி என்று பொருள்படும் பந்தோ என்ற வினையின் எச்சமும் பஸ்ஸுஸ்தான். "பஸ்ஸீஸ் க்ரீனிபுஸ்" என்று படித்தால் துன்பப்பட்ட கூந்தல் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், விரித்த கூந்தல்.

பத்தியொருக்கு "அனுமதி" என்ற பொருளும் உண்டு, பொறுத்துக்கொள்வதிலிருந்து வந்தது. நெர்வியர் என்ற குடியைப் பற்றி சீஸர் எழுதும்போது, திராட்சை மதுவையோ ஆடம்பரப் பொருள்களையோ உள்ளே கொண்டுவர அவர்கள் "பத்தீ" இல்லை, அதாவது விடவில்லை என்கிறார். இந்தப் பொருளை மறந்தால் சீஸரில் பல இடம் விளங்காது.

ஆல்டோக்குரல் எழுதியது:

ஐயா, இரண்டே இரண்டு கேள்வி பாக்கி. எச்சங்கள் எல்லாமே செயப்பாட்டு உருவமா? அப்புறம் "பஸ்ஸுஸ் எத் செபுல்துஸ் எஸ்த்" என்பதில் ஒரே ஒரு "எஸ்த்" இருக்கிறது, அது எதற்கு உரியது?

பழைய லத்தீன் வாத்தியார் எழுதியது:

எல்லாமே இல்லை. பத்தியேன்ஸ், பட்டுக்கொண்டிருக்கிற, என்பது செய்வினை உருவம். பஸ்ஸூருஸ், படப்போகிற, என்பதும் செய்வினை உருவம். எதிர்கால இன்ஃபினிட்டிவ் பஸ்ஸூரும் எஸ்ஸெ, அதுவும் அப்படியே. ஜெரண்டிவ் என்று ஒன்று உண்டு, பத்தியெந்துஸ். இது ஒன்றுதான் உருவத்திலும் பொருளிலும் செயப்பாட்டு: பொறுத்துக்கொள்ளப்பட வேண்டியது. இதைத் தவிர டெப்போனென்டுக்கு உண்மையான செயப்பாட்டு கிடையாது. "பொறுத்துக்கொள்ளப்படுகிறது" என்று சொல்ல வேண்டுமானால் தொலெரோ போன்ற வேறு வினைக்குப் போக வேண்டும். முதலில் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

பஸ்ஸுஸ் என்ற எச்சத்தின் அருமையைச் சொல்லாமல் விட முடியாது. லத்தீனில் சாதாரண வினைக்கு "செய்து", "சொல்லி" என்ற இறந்தகாலச் செய்வினை எச்சமே கிடையாது. "சொல்லப்பட்டு" என்றுதான் வரும். "அதைச் சொல்லிவிட்டு அவன் போனான்" என்பதற்கு ஒரு துணை வாக்கியம் கட்ட வேண்டும், இல்லை அப்லேட்டிவைச் சுற்றி வளைக்க வேண்டும். டெப்போனென்டுக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. "ஹைக் லொக்கூத்துஸ் ப்ரோஃபெக்துஸ் எஸ்த்": "இவற்றைப் பேசி, புறப்பட்டான்." நம் வினையெச்சம் அப்படியே உட்காருகிறது. தமிழில் விசுவாசப் பிரமாணத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு பஸ்ஸுஸ் "பாடுபட்டு" என்று அவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எஸ்த் ஒன்றே எல்லாவற்றுக்கும் பொது. க்ருச்சிஃபிக்ஸுஸ், பஸ்ஸுஸ், செபுல்துஸ் மூன்றும் கடைசியில் நிற்கும் அந்த எஸ்த் மேல் சாய்ந்துதான் முற்றுப்பெறுகின்றன. இலக்கணத்தில் மூன்றுக்கும் ஒரே எஸ்த், பொருளில் நடுவில் உள்ளது மட்டும் அவரே பட்டது.

அடுத்த பாடத்துக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். லிவியின் வரலாற்றில் இரண்டாம் நூல், எதிரி முகாமில் பிடிபட்ட ரோமானிய வீரன் மூக்கியுஸ் எதிரி மன்னனிடம் சொல்வது: "எத் ஃபக்கெரெ எத் பத்தீ ஃபோர்த்திய ரோமானும் எஸ்த்." செய்வதிலும் படுவதிலும் வீரம், அதுதான் ரோமானிய குணம். ஃபக்கெரெ ஏன் "ரெ", பத்தீ ஏன் "ஈ" என்பதை மட்டும் நீங்கள் எழுதுங்கள். அப்புறம் ஆவ்தெயோ, கௌதெயோ, ஸொலெயோ என்ற பாதி டெப்போனென்டுகளுக்குப் போகலாம். அவை நிகழ்காலத்தில் சாதாரண வினை, பெர்ஃபெக்டில் மட்டும் இந்தக் கட்சி.

ஆல்டோக்குரல் எழுதியது:

ஃபக்கியோ சாதாரண வினை, அதனால் செய்வினை இன்ஃபினிட்டிவ் "ரெ". பத்தியொர் டெப்போனென்ட், மூன்றாம் வாய்பாட்டு வகை, அதனால் இன்ஃபினிட்டிவ் வெறும் "ஈ". ஃபோர்த்திய இரண்டுக்கும் பொதுவான செயப்படுபொருள், முல்த்த போல. சரிதானே ஐயா? கௌதெயோவின் பெர்ஃபெக்ட் கவீசுஸ் ஸும் என்று அடுத்த பக்கத்தில் பார்த்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மீதிக் கேள்விகளோடு வருகிறேன்.